பட்டுவாடா, கவனிப்பு, சத்தியம்: தேர்தல் தில்லுமுல்லுக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள்

தேனி டீச்சர்

வணக்கம். நான் தமிழ் டீச்சர். ஆறு தேர்தலில் வாக்குச்சாவடி வேலையும் பார்த்திருக்கிறேன்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் "பட்டுவாடா" என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னேன். வகுப்பில் பாதிக்கு மேல் "தேர்தலில் பணப் பட்டுவாடா நடந்தது" என்றே எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பையன்தான் "தபால் பட்டுவாடா காலை 10 மணிக்கு" என்று எழுதினான். அவன் அப்பா தபால்காரர்.

வீட்டுக்கு வந்தும் அது மனசை விட்டுப் போகவில்லை. சம்பளப் பட்டுவாடா, தபால் பட்டுவாடா, உரப் பட்டுவாடா என்று உரியவருக்கு உரியதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் அந்தச் சொல். லஞ்சத்துக்கு அதையே வைத்துவிட்டோம். அதனால்தான் "எங்க தெருவுக்கு இன்னும் வரல" என்று ரேஷன் அரிசி வராத மாதிரி குறைப்பட்டுக்கொள்கிறோம். சட்டத்தில் அதற்குப் பெயர் லஞ்சம், கொடுத்தாலும் வாங்கினாலும். பேச்சில் "கவனிப்பு", "பட்டுவாடா", "கவர்". பத்திரிகையில் "வைட்டமின் ப".

இந்தச் சொற்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றும் எதை மறைக்கிறது என்று எழுதிவைக்க ஆசைப்படுகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் புழங்கும் சொற்களைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை

டீச்சர், எங்கள் ஊர்ப் பெயரே அந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் திருமங்கலத்துக்காரன்.

2009 ஜனவரி இடைத்தேர்தலுக்கு முன்னால் "திருமங்கலம்" என்றால் மதுரையிலிருந்து தெற்கே போகிற பஸ் நிற்கிற ஊர். அதற்குப் பிறகு அது ஒரு "ஃபார்முலா". வீடு வீடாகக் கவர் போனது என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் அதைப் பற்றி எழுதிய குறிப்பை விக்கிலீக்ஸ் மூலமாக 2011 மார்ச்சில் பத்திரிகைகள் வெளியிட்டன. காலையில் வருகிற செய்தித்தாளுக்குள் கவர், கவருக்குள் பணத்தோடு பூத் சிலிப் என்று அதில் இருந்தது. ஒரு ஓட்டுக்கு 5,000 ரூபாய் என்றும் சொல்லியிருந்தார்கள்.

எங்கே இடைத்தேர்தல் வந்தாலும் "திருமங்கலம் ஃபார்முலா" என்கிறார்கள். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஊர் எதுவென்று கேட்டார்கள், சொன்னேன். "அப்ப உங்க வீட்டுக்கும் வந்துச்சா?" என்றுதான் முதல் கேள்வி. கொடுத்தவர்களின் பெயர் யார் வாயிலும் வரவில்லை, ஊர்ப் பெயர்தான் வந்தது. நீங்கள் எழுதும்போது இதையும் எழுதுங்கள்.

பவானிக் கரையோரம்

வைகைக்கரை அண்ணே, எங்களுக்கும் அதே கதிதான். 2023 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் முடிந்ததும் "ஈரோடு ஃபார்முலா" வந்துவிட்டது. அதன் சொந்தச் சொல் "பட்டி".

கொங்குப் பக்கம் பட்டி என்றால் ஆட்டுப்பட்டி. சாயந்திரம் ஆட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்துவோம். அந்தத் தேர்தலில் வாக்காளர்களைக் காலையிலிருந்து பந்தலிலும் மண்டபத்திலும் உட்காரவைத்தார்கள், எதிரணி ஓட்டுக் கேட்டு வரும்போது வீடு பூட்டிக்கிடக்க வேண்டும் என்பதற்காக, என்று எதிர்க்கட்சி புகார் சொன்னது. "பட்டியில் அடைக்கிறார்கள்" என்ற பேச்சு அப்போது வந்ததுதான்.

எங்கள் சின்னம்மா ஒருத்தர் அப்படி உட்கார்ந்தவர். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. காலையில் டீ, வடை. மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். வாசலில் ஒருத்தர் நோட்டோடு உட்கார்ந்து பெயருக்கு நேரே டிக் போட்டுக்கொண்டிருந்தாராம். மாத்திரை எடுக்க வீட்டுக்குப் போக வேண்டும் என்று சின்னம்மா கேட்டதற்கு, "பேரை எழுதிட்டுப் போங்கக்கா, அரை மணி நேரத்துல வந்தரோணும்" என்றார்கள். 62 வயசு. தறிக்குப் போனால்கூட அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ராத்திரி வந்து, "காசு குடுத்தாங்க, சரி. ஆனா டிக்கு போட்டாங்களே சாமி" என்றார்.

ஆர்கே நகர் வாசி

"டோக்கன்" சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரலில் எங்கள் தொகுதி இடைத்தேர்தலைத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. வருமான வரிச் சோதனையில் கிடைத்த தாள்களில் 89 கோடி ரூபாய்க்குக் கணக்கு இருந்ததாகச் செய்தி. மறுபடி டிசம்பர் 21-ல் ஓட்டுப்பதிவு. அப்போது பேசப்பட்டதுதான் 20 ரூபாய் டோக்கன். கையில் ஒரு 20 ரூபாய் நோட்டு, அதன் வரிசை எண்ணைக் குறித்துவைத்திருப்பார்கள், ஜெயித்த பிறகு அந்த நோட்டைக் காட்டினால் 10,000 என்று குற்றச்சாட்டு.

கவர் என்றால் கொடுத்து முடிந்த கணக்கு. டோக்கன் என்றால் கடன். வாக்காளர் கடன் வாங்கியவரை எதிர்பார்த்து நிற்கிற மாதிரி ஆகிவிடுகிறது, வரவில்லை என்றால் கேட்கவும் வழியில்லை.

பிரஸ் பாலு

டீச்சர் அம்மா, 31 வருஷம் அச்சகம் நடத்தினேன். பணத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். "மொட்டை நோட்டீஸ்" யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

எந்த பிட் நோட்டீஸ் ஆனாலும் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி தேர்தல் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த வரி இல்லாததுதான் மொட்டை நோட்டீஸ். ஓட்டுப்பதிவுக்கு முந்தின ராத்திரி தெருவில் விழும். பதில் சொல்ல அவகாசம் இருக்காது.

ஒன்று நானே அடித்திருக்கிறேன். எங்கள் ஊரிலிருந்து ஒரு அம்மா சட்டமன்றத்துக்கு நின்றார். ராத்திரி பதினோரு மணிக்குத் தெரிந்தவர் ஒருத்தர் மேட்டரோடு வந்தார். ரோஸ் பேப்பர், சிங்கிள் கலர், பெயர் வேண்டாம், ரெண்டு மடங்கு கூலி. அந்த அம்மாவின் கல்யாணத்தைப் பற்றி, அவர் வீட்டுக்காரர் என்ன சாதி என்று, பொய்யும் மெய்யும் கலந்து எழுதியிருந்தது. தொழில் நொடித்திருந்த நேரம். அடித்துக்கொடுத்துவிட்டேன்.

விடிந்ததும் அந்த அம்மா என் கடைக்கே வந்தார். கையில் அந்த ரோஸ் தாள். "இது எந்த பிரஸ்ல அடிச்சதுன்னு உங்களுக்குப் பார்த்தாத் தெரியுமாண்ணே?" என்று கேட்டார். என் மெஷினில் ரோலர் தேய்ந்து, எந்தத் தாள் ஓடினாலும் இடது ஓரத்தில் மசித் தீற்றல் ஒன்று விழும். அந்தத் தாளிலும் இருந்தது. பக்கத்து ஸ்டூலில் கிடந்த யாரோ வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையிலும் அதே தீற்றல். அவர் அதைக் கவனிக்கவில்லை. "தெரியலம்மா, வெளியூர்ல அடிச்சிருப்பாங்க" என்றேன்.

அவர் தோற்றார். ஜெயிக்கிற ஆள் இல்லைதான், இருந்தாலும் எனக்கு அது ஆறவில்லை. அடுத்த தேர்தலிலிருந்து பெயர் போடாத வேலை எதையும் தொடவில்லை. மொட்டை என்ற சொல்லை அழுத்தி எழுதுங்கள் அம்மா.

சிகாகோ செந்தில்

பாலு ஐயா, இந்த ஊரிலும் மொட்டைக் கடுதாசி உண்டு. 1972-ல் நிக்சனுக்கு எதிராக நிற்கப் பார்த்த எட்மண்ட் மஸ்கி, பிரெஞ்சுக் கனடிய வம்சாவளியினரை இழிவாகச் சொல்லும் சொல்லைக் கேட்டுச் சிரித்தார் என்று ஒரு கடிதம் நியூ ஹாம்ப்ஷயர் பத்திரிகையில் வந்தது. கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கடிதம் பொய் என்பது பிறகு வாட்டர்கேட் விசாரணையின்போதுதான் வெளியே வந்தது. மஸ்கி அதற்குள் போட்டியிலிருந்து விலகியிருந்தார். இப்போது மொட்டை நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வருகிறது, "ஃபார்வர்டு செய்யப்பட்டது" என்ற வரி மட்டும் மேலே இருக்கிறது.

தேனி டீச்சர்

பாலு அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் வார்த்தையிலேயே வைத்துக்கொள்கிறேன்.

வாக்குச்சாவடிக்குள் கேட்கும் சொற்களை நான் சொல்கிறேன். "கள்ள ஓட்டுக் குத்துறது." தமிழ்நாடு முழுவதும் எந்திரம் வந்தது 2001 சட்டமன்றத் தேர்தலில். முத்திரை போய் இத்தனை வருஷமாகியும் நாம் ஓட்டைக் "குத்திக்கொண்டுதான்" இருக்கிறோம். கள்ள ஓட்டு என்று பூத் ஏஜென்ட் ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்ட வேண்டும், விசாரித்து முடிவு சொல்ல வேண்டியது நாங்கள்.

அடுத்தது "டெண்டர் ஓட்டு". ஒரு தடவை சாயந்திரம் நாலு மணிக்கு ஒரு பாட்டி வந்தார். பட்டியலில் பார்த்தால் அவர் பெயரில் ஏற்கெனவே கோடு போட்டிருக்கிறது, காலையில் யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டியின் விரலில் மை இல்லை. அட்டையும் சரி, ஆளும் சரி. தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (49P) விதிப்படி எந்திரத்தில் விடமுடியாது, தனியாக வாக்குச்சீட்டுதான் தர வேண்டும். கொடுத்தேன். மறைவுக்குப் போய் முத்திரை குத்தி, பழைய பழக்கத்தில் அழகாக நீளவாக்கில் மடித்து எடுத்து வந்தார். "பெட்டி எங்கத்தா?" என்றார்.

பெட்டி இல்லை. அதை ஒரு உறைக்குள் வைப்போம். எண்ணிக்கை மேஜையில் அந்த உறையைப் பிரிப்பதில்லை, வழக்கு என்று போய் நீதிமன்றம் சொன்னால்தான் உண்டு. பாட்டியிடம் உறையைக் காட்டினேன். அவரே போட்டார். எண்ணமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் டெண்டர் என்றால் ரோடு காண்ட்ராக்ட். ஒரு மனுஷியின் ஓட்டைத் திருடிவிட்டுக் கையில் ஒரு தாளைக் கொடுப்பதற்கு அந்தப் பெயர். என்னிடம் நல்ல சொல் இல்லை. யாராவது சொன்னால் நல்லது.

நல்லூரான்

டீச்சர், நாங்கள் யாழ்ப்பாணத்தில் கள்ள வாக்கு என்றுதான் சொல்லுறது. என்ர அப்பா ஆசிரியர், தேர்தல் கடமைக்குப் போனவர். 1981 யூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் கடைசி நேரத்தில் அலுவலர்களை மாற்றிப்போட்டு வேறு ஆட்களைக் கொண்டுவந்தார்கள், சில வாக்குப் பெட்டிகள் காணாமலே போயின. நூலகம் எரிந்து நாலு நாள்கூட ஆகேல்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு: பாராளுமன்றத்தின் காலத்தை ஆறு வருஷம் நீட்டலாமா என்று. ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். எங்கட மாவட்டத்தில் குடம்தான் வென்றது, நாடு முழுக்க விளக்கு. தேர்தலை நடத்தாமல் விட்டதற்கு "வாக்கெடுப்பு" என்று பெயர் வைத்ததைத்தான் அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர்.

இப்ப அடிபடுகிற சொல் "டம்மி". 2019 சனாதிபதித் தேர்தலில் 35 வேட்பாளர்கள், 2024-ல் வாக்குச்சீட்டில் 39 பெயர். வேட்பாளராகப் பதிந்தால் அரச வானொலி, தொலைக்காட்சியில் நேரம் கிடைக்கும், முகவர்களை நியமிக்கலாம். பெரிய வேட்பாளர் ஒருவருக்காக இவற்றைப் பயன்படுத்தவே சிலர் இறங்குகிறார்கள் என்று தேர்தல் ஆணைக்குழுப் பக்கமிருந்தே முறைப்பாடு வந்தது.

அலமேலு, பாலக்காடு

டம்மி என்றதும் மலையாளத்தில் உள்ள ஒரு சொல் நினைவு வந்தது: அபரன். மற்றவன் என்று பொருள். பெரிய வேட்பாளரின் பெயரையே கொண்ட ஆளைத் தேடிப்பிடித்து நிறுத்தினால் அவர் அபரன். 2004-ல் ஆலப்புழையில் வி.எம்.சுதீரன் 1,009 ஓட்டில் தோற்றார். வி.எஸ்.சுதீரன் என்ற சுயேச்சை 8,000-க்கும் மேல் வாங்கியிருந்தார்.

தமிழில் இதற்கு ஒரு சொல்லும் காணோம். 2024-ல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது இன்னும் ஐந்து ஓ.பன்னீர்செல்வங்கள் நின்றார்கள். பத்திரிகைகள் "அதே பெயர் கொண்ட" என்று வளைத்து எழுதின. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2015-லிருந்து எந்திரத்தில் வேட்பாளர் படத்தையே ஒட்டுகிறார்கள். ஒரு சொல் இருந்திருந்தால் ஒரே வரியில் கண்டித்திருக்கலாம்.

பவானிக் கரையோரம்

அலமேலு அக்கா, ஆள் நிறைய நின்றாலே தில்லுமுல்லு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1996-ல் எங்கள் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். விவசாயிகள், குறையை யாரும் கேட்கவில்லை என்று நின்றவர்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். அது போராட்டம். டம்மி என்று அவர்களையும் சேர்த்துவிடாதீர்கள்.

கிள்ளான் மணி

மலேசியாவிலிருந்து இரண்டு. "ஆவி வாக்காளர்": அந்த முகவரியில் இல்லாத ஆள், பட்டியலில் மட்டும் இருப்பவர். "தவளை": கட்சி தாவுகிறவர். மலாய்க்காரர்கள் கத்தாக் என்பார்கள், நாங்கள் தவளை என்றே சொல்லிவிடுகிறோம். 2020-ல் தாவலால் ஆட்சியே கவிழ்ந்து, 2022-ல் தாவல் தடைச் சட்டம் வந்தது. நீங்கள் அங்கே "குதிரை பேரம்" என்று எழுதுகிறீர்கள். அது வாங்குகிறவனையும் விற்கிறவனையும் விட்டுவிட்டுக் குதிரையைச் சொல்கிறது. தவளை என்றால் ஆளையே குறிக்கும்.

கரிசல்காட்டுப் பொண்ணு

எல்லாரும் எழுதினதைப் படித்தேன். இதுவரை யாரும் சொல்லாத ஒரு சொல் இருக்கிறது, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: சத்தியம்.

நான் மகளிர் குழு நடத்துகிறேன். எங்கள் பக்கம் காசு கொடுக்க ரெண்டு பேர் வருவார்கள். ஒருத்தர் கையில் பூத் லிஸ்ட், ஒருத்தர் கையில் தாம்பாளம். தட்டில் சூடம் எரியும். "காசை வாங்கிக்கங்க, சூடத்துல அடிச்சுச் சொல்லுங்க." பேரப்பிள்ளை இடுப்பில் இருந்தால் "பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லுங்க" என்பார்கள்.

என் மாமியார் அப்படிச் சொல்லிவிட்டார். அவருக்குப் பிடித்த வேட்பாளர் வேறு. கண்மாய் தூர்வாரக் கூடவே நின்றவர், அவருக்குத்தான் போட நினைத்திருந்தார். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்று, சத்தியம் பண்ணின சின்னத்தையே அமுக்கிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. "ஏன் அத்தை, உள்ள யாரு பார்க்கப் போறா?" என்று கேட்டேன். "பிள்ளை தலையில வச்ச கையிடீ" என்றார்.

"வாங்கிக்கோ, மாத்திப் போடு" என்று மேடையில் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். காசு வாங்கியது என் மாமியாருக்குத் தப்பாகத் தெரியவில்லை. வாங்கிவிட்டு மாற்றினால் தப்பு என்று தெரிந்தது. செஞ்சோற்றுக்கடன், உப்பிட்டவரை உள்ளளவும் நினை, சொன்ன சொல் மாறாதே என்று இத்தனை காலம் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த நல்ல வார்த்தைகளைப் பிடித்துத்தான் அந்தத் தாம்பாளக்காரர் இழுக்கிறார். கெட்டவரிடம் இது பலிக்காது, நல்லவரிடம்தான் பலிக்கும்.

வக்கீல் ஒருத்தரிடம் கேட்டேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறதாம்: இப்படிப் போடாவிட்டால் தெய்வத்தின் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்பவைப்பது தேர்தல் முறைகேடு. நாங்கள் "சாமி குத்தம்" என்று சொல்வதைத்தான் சட்டமும் சொல்கிறது. இது தெரிந்திருந்தால் அந்தத் தட்டைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியிருப்பேன்.

வைகைக்கரை

தங்கச்சி, எங்கள் அம்மா பாலில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். பணம் எவ்வளவு என்பது மறந்துவிட்டது, பால் சொம்பு மறக்கவில்லை என்பார்.

பிரஸ் பாலு

டீச்சர் அம்மா, ஒரு யோசனை. எழுதி முடித்ததும் கொடுங்கள். பையன்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறான், சின்னப் புத்தகமாக அடித்துத் தருகிறோம். அச்சகப் பெயரைக் கடைசியில் பொடி எழுத்தில் போடாமல் முதல் பக்கத்திலேயே போடுகிறேன்.

தேனி டீச்சர்

சரிண்ணா, கண்டிப்பாக.

இப்போதைக்கு என் நோட்டில் இருப்பது: "பட்டுவாடா" என்ற பதிவில் தபால், சம்பளம் என்ற பொருள்கள் மட்டும் இருக்கும். தேர்தல் பணத்துக்கு "ஓட்டு லஞ்சம், பார்க்க" என்று மாற்றிவிட்டேன். ஃபார்முலா என்பதற்குக் கீழே ஊர்ப் பெயரைத் தலைப்பாக வைக்கவில்லை, ஆண்டும் செய்த முறையும் மட்டும். பட்டி, டிக் இரண்டும் சேர்ந்து ஒரே பதிவு. அபரனை அப்படியே எடுத்துக்கொண்டேன், தமிழ் வாய்க்கு நன்றாகவே வருகிறது. விளக்கு, குடம் தனிக் குறிப்பு. சத்தியத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், கரிசல்காட்டுத் தங்கச்சி அதைப் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

டெண்டர் ஓட்டுக்கு எதிரே இன்னும் காலியாக இருக்கிறது.

பவானிக் கரையோரம்

டீச்சர், சின்னம்மாவிடம் அந்தப் பாட்டி கதையைச் சொன்னேன். "உறை ஓட்டு"ன்னு போடச் சொல்றார். உறைக்குள்ளயே கிடக்கிற ஓட்டு.

தேனி டீச்சர்

எழுதிக்கொண்டேன்.